அழிக்க அழிக்க நிரம்பும் பெட்டி

“மேடம், இந்தப் பெட்டியை அழிக்கவே முடியல. மூணு நாளா அழிக்கிறேன். அழிச்சதெல்லாம் அப்படியே திரும்பி வந்து உட்கார்ந்திருக்கு.”

சொன்னவர் துரைக்கண்ணு. ஐம்பத்திரண்டு வயது. சர்வர் அறைகளில் இருபது வருஷம் ஊறிய மனுஷன். சொன்னது யாரிடம் என்றால், அவர் மகளை விட நாலைந்து வயசே மூத்த நூர்ஜகானிடம். டிஸ்க்கில் பதிந்ததை அழிப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அவளிடம் தொழில் கற்கவென்றே இவர் இங்கே மாறி வந்திருந்தார்.

அந்த சர்வர் அறைக்குப் பகலும் இல்லை, ராத்திரியும் இல்லை. குளிர்ந்த காற்று, விடாத ஒரே இரைச்சல். கொஞ்ச நேரம் நின்றால் கால் தரையில்தான் இருக்கிறதா என்று சந்தேகம் வந்துவிடும். பச்சை விளக்குகள் அரைத்தூக்கத்தில் சிமிட்டிக்கொண்டிருந்தன.

பெட்டியில் எட்டு டிஸ்க். அடி தாங்காமல் வீட்டை விட்டு ஓடிய பெண்கள் ஓர் உதவி மையத்துக்கு போன் செய்து பேசிய பேச்சு அதில் இருந்தது. எங்கே ஒளிந்திருக்கிறார்கள் என்பதும் இருந்தது. மையத்தை மூடிவிட்டார்கள், பெட்டியை விற்றாயிற்று. நாளை மதியம் வண்டி வரும். அதற்குள் அழியாவிட்டால் முன்னூறு பெண்களின் விலாசம் எவன் கைக்குப் போகுமோ!

“எப்படி அழிச்சீங்க சார்?”

“ஒவ்வொண்ணா உருவினேன். வேற மெஷின்ல போட்டுச் சுத்தமா அழிச்சேன். திரும்ப அதே இடத்துல செருகினேன்.”

“பெட்டி ஓடிக்கிட்டு இருக்கும்போதேவா?”

“ஆமா.”

அட, நல்ல மனுஷன் போங்கள்! காலி டிஸ்க்கைச் செருகினால் மற்ற ஏழும் சேர்ந்து, அதில் இருந்ததைத் திரும்ப எழுதிவிடும். ஒரு டிஸ்க் செத்தாலும் எதுவும் தொலையக் கூடாது என்றுதான் அந்தப் பெட்டியையே செய்தார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே தெரிந்துவிடுகிற சங்கதி.

நூர்ஜகான் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“திரும்ப எழுதிடும்னு உங்களுக்குத் தெரியாதா சார்?”

துரைக்கண்ணு விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தெரியும்.”

“அப்புறம்?”

“என் பொண்ணு செண்பகம் பேசினதும் இதுல இருக்கு. புருஷன் அடிக்கிறான்னு ரெண்டு தடவை என்கிட்ட ஓடி வந்தா. ரெண்டு தடவையும் நானே பஸ் ஏத்தித் திருப்பி அனுப்பினேன். மூணாவது தடவை என்கிட்ட வரல. இதுல இருக்கிற பேர்ப் பட்டியல்லதான் அவ பேரைப் பார்த்தேன்.”

அழுகை வந்துவிட்டது அவருக்கு.

“எங்க இருக்கான்னு தெரிஞ்சா போய்க் கால்ல விழுந்துடுவேன் மேடம். அவ பேசினதைப் போட்டுக் கேட்கத் தைரியம் வரல. அழிக்கவும் மனசு வரல.”

நூர்ஜகானுக்கும் கண் கலங்கிற்று. கையை நீட்டினாள்.

“உங்க போனைக் கொடுங்க.”

கொடுத்தார். பழைய பட்டன் போன்.

“இந்த நம்பர் எத்தனை வருஷமா வச்சிருக்கீங்க?”

“பதினெட்டு வருஷமா.”

“செண்பகத்துக்குத் தெரியுமா?”

“ஒண்ணாங்கிளாஸ்லயே மனப்பாடம் பண்ணிட்டா. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவா.”

நூர்ஜகான் போனின் சத்தத்தை முழுசாகக் கூட்டினாள். எழுந்து, அவர் சட்டைப் பையில் அதைப் போட்டாள்.



துரைக்கண்ணு குனிந்து பெட்டியின் மின்சாரத்தை நிறுத்தினார். எட்டு டிஸ்க்கையும் உருவி மேஜைமேல் வரிசையாக வைத்தார். எட்டையும் ஒரே நேரத்தில் அழிக்கிற மெஷினில் மாட்டி, பொத்தானை அழுத்தினார்.

“முடிய விடிஞ்சிடும் சார். பக்கத்துலயே இருக்கணும்.”

“இருக்கேன் மேடம்.” சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டார். “நடுவுல அவ கூப்பிட்டா மட்டும், வெளிய போய்ப் பேசிட்டு வரலாமில்ல?”