அப்பளம் என்ற திருக்கையின் சிரிப்பு

ஞாயிறு காலை ஒன்பது மணி. தூத்துக்குடியில் எட்வின் வீட்டுக் கூடத்தில் இருந்த உப்புநீர்த் தொட்டிக்குள் மூன்று உயிர்கள் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தன. ஒன்று கோமாளி மீன். இன்னொன்று காலிச் சங்கோட்டுக்குள் குடியிருக்கும் சங்கு நண்டு. மூன்றாவது, வட்டமாய்த் தட்டையாய் இருந்ததால் அப்பளம் என்று பெயர் வாங்கிய குட்டித் திருக்கை.

தண்ணீரைச் சுத்தம் செய்யும் வடிகட்டி அடைத்துப்போயிருந்தது. வெளியே இருந்து பார்த்தால் தண்ணீர் பளிங்கு. உள்ளே இருந்தவர்களுக்குச் செவுள் எரிந்தது.

"அப்பளம், நீதான் போய்ச் சொல்ல வேண்டும். நான் நீந்தினால் எட்வின் டிவி பார்க்கிறார். நீ அசைந்தால் பார்க்க நாற்காலியை இழுத்துப் போடுகிறார்" என்றது கோமாளி மீன்.

திருக்கைக்குப் பெருமையாக இருந்தது. கண்ணாடியோடு வயிற்றை ஒட்டிக்கொண்டு மேலே ஏறியது. "தண்ணீர் எரிகிறது! வடிகட்டியைப் பாரும்!" என்று வாயைத் திறந்து திறந்து மூடியது.

எட்வின் துள்ளி எழுந்தார். "ஏ ஜெசிந்தா, இங்க வந்து பாரு. அப்பளம் சிரிக்குது."

அவர் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஆமா, உங்க அக்கா சிரிக்கிற மாதிரியே இருக்கு."

எட்வின் மகிழ்ந்துபோய் ஒரு பிடி இறாலைப் போட்டார். திருக்கை தின்றது போக மிச்சம் அழுகியது. தண்ணீர் இன்னும் கெட்டது. மறுநாளும் திருக்கை ஏறியது. மறுநாளும் இறால் வந்தது. பக்கத்து வீட்டார் செல்போனோடு வந்து படம் எடுத்தார்கள்.

பாறை இடுக்கிலிருந்து சங்கு நண்டு தலையை நீட்டியது. திருக்கைகள் நண்டு தின்னும் என்பதால் அது எப்போதும் அங்கிருந்துதான் பேசும்.

"நீ முறையிட்டாயா, நன்றி சொன்னாயா?"

"கத்தினேன்" என்றது திருக்கை.

"உன் கண் முதுகில் இருக்கிறது. நீ அவருக்குக் காட்டுவது வயிற்றை. அங்கே இருக்கும் இரண்டு மூக்குத் துளைகளை அவர் கண் என்று நினைக்கிறார். கீழே வாயும் இருக்கிறது. முகம் தயார்."

"அப்படியானால் இன்னும் கோபமாகச் சொல்கிறேன்."

"கோபப்பட்டால் இன்னும் அகலமாய்ச் சிரிப்பாய். மேலே போகாதே. மணலுக்குள் படு. இறாலைத் தொடாதே."

"பார்க்க வருகிறவர்கள் ஏமாந்து போவார்களே."

"போகட்டும்."

கோமாளி மீன் குறுக்கே வந்தது. "நண்டே, இது பட்டினி கிடந்தால் அடுத்த சாப்பாடு யார் என்று யோசித்தாயா?"

"யோசித்தேன். தண்ணீர் இப்படியே இருந்தால் இங்கே யாருக்கும் அடுத்த சாப்பாடு கிடையாது."

திருக்கை மணலை வாரிப் போர்த்திக்கொண்டு படுத்தது. இறால் முதுகின்மேலேயே வந்து விழுந்தது. அசையவில்லை. அடுத்த நாள் அதன் பார்வை பாறை இடுக்கின் பக்கம் திரும்பியது.

"உன் கால் கொழுகொழுவென்று இருக்கிறது."

"தெரியும். வேறு பக்கம் பார்."

வெளியே எட்வினுக்குச் சோறு இறங்கவில்லை. "ஜெசிந்தா, அப்பளம் வெளியவே வரல. இறாலும் அப்படியே கிடக்கு."

"தொட்டிய எப்பக் கழுவுனீங்க?"

"தண்ணி நல்லாத்தான இருக்கு."

"மோந்து பாருங்க."

எட்வின் ஒரு கையளவு அள்ளி முகர்ந்தார். முகத்தைச் சுளித்தார். வடிகட்டியைக் கழற்றினார். உள்ளே இருந்த பஞ்சு சேறாய் வந்தது. அன்றே பஞ்சை மாற்றி, அழுகிய இறாலை எடுத்து, கேன் கேனாய்க் கடல்நீர் கொண்டுவந்து ஊற்றினார்.

செவுள் எரிச்சல் அடங்கியதும் திருக்கை முதலில் இறாலைத் தேடியது. இறால் வந்து சேரும்வரை சங்கு நண்டு ஓட்டுக்குள்ளேயே இருந்தது.

ஜூன் 18-ஆம் தேதி எட்வின் வீட்டுக்கு அகலமான புதுத் தொட்டி வந்தது; அப்பளம் அதில் குடியேறியது, சங்கு நண்டு பழைய தொட்டியிலேயே தங்கிக்கொண்டது.

குறையைச் சொன்னால் மட்டும் போதாது, கேட்பவர் கண்ணுக்கு அது எப்படித் தெரிகிறது என்றும் பார்க்க வேண்டும்.