மூஞ்சூறு கேட்ட கேள்வி

ஓடைக்கரைக் காட்டில் விலங்குகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. முள்ளம்பன்றி சிலுப்பன்தான் தலைமை ஆசிரியர். நியாயம் என்று யாராவது வாயெடுத்தாலே அவருக்கு முள்ளெல்லாம் பெருமையில் சிலிர்த்துக்கொள்ளும்!

அங்கே காலடித் தடம் படிப்பதுதான் பெரிய பரீட்சை. சேற்றில் பதிந்த தடத்தைப் பார்த்து, நடந்தது யார் என்று சொல்ல வேண்டும். தேறாதவர்கள் தனியாக ஓடைக்குப் போகக் கூடாது. கூட்டிப்போக ஆள் இருந்தால் தண்ணீர், இல்லையென்றால் தாகம்தான்.

மூஞ்சூறு செங்கமலத்துக்குக் கூட்டிப்போக ஆளில்லை. பார்வையும் மங்கல். இரண்டு முறை தோற்று அழுதிருந்தாள். இந்த முறை, காட்டுப் பாதையில் யாரோ தவறவிட்ட ஒரு பூதக்கண்ணாடியை இழுத்து வந்திருந்தாள். ஒரு மாதமாக அதை வைத்துத்தான் படித்தாள். எது எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பது அவளுக்கு அத்துப்படி.

குரங்கு கொண்டையனுக்குப் பொறுக்கவில்லை. "ஐயா! அவளுக்கு மட்டும் கண்ணாடியா? இது அநியாயம்!"

சிலுப்பன் தொண்டையைச் செருமினார். "ஒரு கண்ணுக்கு வெண்ணெய், மறு கண்ணுக்குச் சுண்ணாம்பு வைக்கிற ஆள் நான் இல்லை! எல்லாரும் கண்ணாடி வழியாத்தான் பார்க்கணும். வெறுங்கண்ணால பார்த்தா மதிப்பெண் கிடையாது!"

செங்கமலம் கண்ணாடியைத் தடத்தின் அருகே இழுத்து வைத்தாள். கண் நன்றாகத் தெரிகிறவனுக்கு எதற்குக் கண்ணாடி?

முதலில் கொண்டையன் குனிந்து பார்த்தான். "ஐயோ, புலி!" என்று அலறிக்கொண்டு மரத்தில் ஏறினான். அடுத்து முயல் பார்த்தது. "யம்மாடி, இவ்வளவு பெரிய புலியா!" அதுவும் ஓட்டம். வகுப்பே காலி!

"எங்கே, பார்ப்போம்" என்று சிலுப்பனும் குனிந்தார். அன்று காலையில் காட்டுப்பூனையைக் கூப்பிட்டு அந்தச் சேற்றில் நடக்க வைத்தவரே அவர்தான். பாவம், அந்த நினைப்பே வரவில்லை! "புலி!" என்று கத்தியபடி பின்னாலேயே ஓடி, ஆழமான குழி ஒன்றில் தொப்பென்று விழுந்தார்.

செங்கமலம் மட்டும் நிதானமாகப் பார்த்தாள். பிறகு குழியோரம் போய் எட்டிப் பார்த்தாள்.

"ஐயா, அது காட்டுப்பூனை! தடம் என் வால் நீளம்கூட இல்லை. புலித் தடம்னா நான் உள்ளே படுத்துப் புரளலாமே!"

"பரீட்சை கிடக்கட்டும்! யாராவது ஒரு கொடியைப் போட்டு என்னை மேல தூக்குங்க!"

"போடலாம் ஐயா. ஆனா ஆளுக்கொரு கொடி போடணுமே? மரத்து மேல இருக்கிற கொண்டையனுக்கு முதல்ல போட்டுட்டு வந்துடவா?"

"அட, அவனுக்கு எதுக்கு? குழியில கிடக்கிறது நான்!"

"கண்ணு தெரியாதது எனக்குத்தானே ஐயா?"

குழிக்குள் சிலிர்த்திருந்த முள்ளெல்லாம் படிந்தது.

"சரி தாயி. கண்ணாடி உனக்கு மட்டும்தான். நீ தேறிட்டே! இப்பவாவது கொடியைப் போடச் சொல்லு!"

கொண்டையன் அசடு வழிய இறங்கி வந்து கொடியைப் போட்டான். மற்றவர்களும் திரும்பி வந்து பிடித்து இழுத்தார்கள். அன்று மாலை செங்கமலம் யார் துணையும் இல்லாமல் ஓடைக்குப் போய், வயிறு முட்டத் தண்ணீர் குடித்தாள்.

எல்லாருக்கும் ஒன்றையே கொடுப்பது நியாயம் ஆகாது. யாருக்கு எது தேவையோ அதைக் கொடுப்பதே நியாயம்.