ஏகாம்பரத்தின் தாராளக் கை

"அம்மா, செடியெல்லாம் நுனி கருகுது. எவ்வளவு உரம் ஊட்டணும்னு நீங்க கடைசிவரைக்கும் சொல்லவே இல்லையே!"

மலையடிவாரத்தில் வைத்தியம் பார்த்துவந்த நீலாயதாட்சியிடம் இப்படி முறையிட்ட சீடர் ஏகாம்பரத்துக்குத் தலை முழுக்க நரை. குருவுக்கோ அவருடைய மகள் வயதுதான் இருக்கும்.

ஏகாம்பரம் ஊர் ஊராகப் போய்க் கல்யாணப் பந்தியில் பரிமாறியவர். என்ன கை அது! அவர் வாளியைத் தூக்கினால் பந்தியே நிமிர்ந்து உட்காரும். யாராவது போதும் என்று இலைக்கு மேல் கையை விரித்தால், "கூச்சப்படாதீங்க" என்று விரலிடுக்கில் ஒரு கரண்டி ஊற்றிவிட்டுத்தான் நகர்வார்.

அவர் மனைவி செங்கமலம் இடுப்பு வலியில் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். கஞ்சாப் பூ போட்டுக் காய்ச்சிய தைலம் தடவினால் தூங்குவாள் என்று சொல்லி, நீலாயதாட்சிதான் விதை கொடுத்திருந்தார்.

"இது நாள் வந்தா தானாப் பூக்குற ஜாதி. ஆள் உயரம் வளர்ந்தாலும் பூக்கும், முழ உயரத்துல நின்னாலும் பூக்கும். நடுவுல நோஞ்சானாயிட்டா, தேறட்டும்னு காத்திருக்காது" என்று அன்றே எச்சரித்தும் இருந்தார்.

இப்போது கேட்டார்: "இதுவரைக்கும் என்ன ஊத்தினீங்க?"

"பிண்ணாக்குக் கரைசல், சாணிக் கரைசல், மீன் கழுவின தண்ணி. ஒரு வேளை தவறல. கருகுதேன்னு இன்னும் கெட்டியாக் கரைச்சு ஊத்தினேன். என் கையால வளர்ற உயிர் பட்டினி கிடக்கலாமா?"

நீலாயதாட்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "முதல்ல சாப்பிட வாங்க."

இலை போட்டு அவரே பரிமாறினார். ஏகாம்பரம் ரசித்துச் சாப்பிட்டார். மறுபடி சோறு விழுந்தது. அதையும் சாப்பிட்டார். மறுபடியும் விழுந்தது.

ஏகாம்பரம் இலைக்கு மேல் கையை விரித்தார்.

குரு விரலிடுக்கில் பாயசத்தை ஊற்றினார்.

"போதும்மா!"

"கூச்சப்படாதீங்க."

"கூச்சமில்லம்மா, மெய்யாவே முடியல!"

இன்னொரு கரண்டி விழுந்தது. ஏகாம்பரம் விரல்களை வளைத்து இலையைப் பொத்திக்கொண்டார்.

"கையைக் கழுவாதீங்க. அப்படியே செடிகிட்ட வாங்க."

பாயசம் சொட்டும் கையோடு, பக்கத்திலேயே இருந்த தன் வீட்டுத் தோட்டத்தில் போய் நின்றார். விரல் விரலாகப் பிரிந்த செடியின் இலைகள் எல்லாம் நுனி கருகி, வேர்ப்பக்கம் கவிழ்ந்து வளைந்திருந்தன. ஏகாம்பரம் தன் கையைப் பார்த்தார்.

"போதும்னு எத்தனை நாளாச் சொல்லிக்கிட்டு இருந்துச்சோ!"

பிறகு பயந்துகொண்டே கேட்டார்: "பிழைக்குமா?"

நீலாயதாட்சி கொழுந்தை விலக்கிக் காட்டினார். வெள்ளை முடிபோல ஒரு பூ எட்டிப் பார்த்தது. அத்தனை கொடுமைக்கு நடுவிலும் அது நாள் தவறவில்லை. ஏகாம்பரம் அசந்துபோனார்.

"கொஞ்ச நாளைக்கு வெறும் தண்ணி போதும். அப்புறம் கேட்டா ஊட்டுங்க."

"கேக்குறது எனக்கு எப்படித் தெரியும்?"

குரு அவர் கை கழுவச் செம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்தார்.

அன்று மாலை ஏகாம்பரம் செங்கமலத்துக்குக் கஞ்சி ஊற்றினார். கிண்ணம் பாதி நிறைந்ததும், அவள் வழக்கம்போல் அதன்மேல் கையை வைத்து மூடினாள்.

கரண்டி அப்படியே நின்றது.

செங்கமலம் தலையணையிலிருந்து தலையைத் தூக்கி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏங்க, உங்களுக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"