முதல் அடியை யார் அடிப்பது

சக்கரவர்த்திகளின் பெயர்களைக்கூடக் காற்று தின்றுவிட்ட ஒரு காலத்தில், சீன தேசத்தில், இரண்டு மலைகளுக்கு நடுவே ஒரு சந்தை ஊர் இருந்தது. பிள்ளைகளே, கேளுங்கள். பெரியவர்களும் போய்விட வேண்டாம். இந்தக் கதை உங்களுக்குத்தான் அதிகம் வேண்டியிருக்கிறது.

அந்த ஊரில் யூன் என்று ஒருத்தி இருந்தாள். சோயாப்பயற்றை ஊறவைப்பாள், கல்லில் அரைப்பாள், பாலைக் காய்ச்சி உறையவைப்பாள். உறைந்ததை வெள்ளைக் கட்டிகளாக வெட்டிச் சந்தையில் விற்பாள். புருஷன் செத்துப் பல வருஷம் ஆயிற்று. பிள்ளை இல்லை. அவளுக்கு இருந்ததெல்லாம் சாம்பல் நிறத்தில் ஒரு கழுதை.

கழுதை சுற்றினால் கல் சுற்றும். கல் சுற்றினால் அடுப்பு எரியும். அடுப்பு எரிந்தால் யூன் சாப்பிடுவாள். கழுதை போய்விட்டால் அந்த நுகத்தடியில் தன் கழுத்தைத்தான் கொடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். சில நாள் அதைத் தடவிக்கொடுக்கும்போது அந்த நினைப்பு வரும். உடனே கையை எடுத்துக்கொண்டு வேலையைப் பார்ப்பாள்.

ஊருக்கு ஒரு திருடன் வந்துபோய்க்கொண்டிருந்தான். படை, பரிவாரம் ஒன்றும் கிடையாது. தனி ஆள், கையில் ஒரு தடி. முதல் மாதம் ஒருவருடைய பன்றியை ஓட்டிக்கொண்டு போனான். இரண்டாம் மாதம் இன்னொருவருடைய எருமையைப் பிடித்துக்கொண்டு போனான். மூன்றாம் மாதம் பட்டப்பகலில் வந்து, ஊர்த்தலைவருடைய குதிரைமேல் ஏறி உட்கார்ந்து போனான்.

பன்றி போனபோது ஊர்த்தலைவர் ஆறுதல் சொன்னார். எருமை போனபோதும் ஆறுதல் சொன்னார். குதிரை போன பிறகுதான் ஊரைக் காக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது.

தேசத்திலேயே பேர்பெற்ற மூன்று சண்டை வீரர்களுக்கு ஓலை போயிற்று. மூவரும் வந்தார்கள்.

முதலாமவர் இரும்புக்கை லுவோ. உள்ளங்கையால் செங்கல்லை உடைப்பவர். இரண்டாமவர் மேகக்கால் பெங். கூரை விட்டுக் கூரை தாவுபவர். மூன்றாமவர் ஒன்பது மூச்சு ஷியாங். ஒன்பது மூச்சை உள்ளே இழுத்து அடக்கிவிட்டால் அவர்மேல் வாளும் பாயாது என்று பேச்சு. செங்கல் உடைந்ததையும் கூரை தாவியதையும் மூச்சு அடங்கியதையும் கண்ணால் பார்த்தவர்கள் எப்போதும் பக்கத்து ஊரில் இருந்தார்கள்.

மூவருக்கும் யூன் வீட்டு முற்றத்தில்தான் சாப்பாடு. அவள் மனம் நிறைந்துதான் போட்டாள். கட்டியில் மிருதுவான பகுதியை அவர்களுக்கு வைத்தாள், ஓரத்தைத் தான் தின்றாள். மூன்று வயிற்றுக்காகக் கல் இரண்டு மடங்கு சுற்றியது. கழுதையின் விலா எலும்பை எண்ணலாம் போல ஆயிற்று.

சாப்பிடும் நேரத்தில் மூவரும் பழைய காலத்து வீரர்களைப் பற்றிப் பேசுவார்கள். செத்துப்போன வீரர்களுக்கு ஒரு வசதி உண்டு. சோறு உள்ளே போகப் போக அவர்கள் வளர்வார்கள். முதல் கிண்ணத்தில் லுவோவின் குரு ஒரு காளையை அறைந்து வீழ்த்தினார். இரண்டாம் கிண்ணத்தில் அது மூன்று காளைகள் ஆனது. மூன்றாம் கிண்ணத்தில் காளைகளோடு சேர்ந்து ஒரு பாலமும் விழுந்தது. பெங்கின் குரு ஆற்றைத் தாவினார், பிறகு ஏரியைத் தாவினார். சாப்பாடு முடியாமல் இருந்திருந்தால் கடலையும் தாவியிருப்பார். ஷியாங்கின் குரு மூச்சை அடக்கியபடியே முப்பது வருஷம் வாழ்ந்தார்.

உட்காருவதில்தான் தகராறு. அந்தத் தேசத்தில் வாசலைப் பார்த்த இருக்கை மிகப் பெரியவருக்கு உரியது. மூவரில் பெரியவர் யார் என்பதற்கு முடிவில்லை. சண்டை போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் தோற்றவருடைய பேர் போய்விடும் அல்லவா? அதனால் சண்டை போடாமலே பேரைக் காப்பாற்றினார்கள். கடைசியில் தச்சர் ஒரு நீள பெஞ்சு செய்து கொடுத்தார். மூவரும் வாசலைப் பார்த்தபடி, கம்பில் அடைந்த கோழிகள் மாதிரி ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள்.

அவர்களுடைய கூட்டத்தில் இன்னொரு வழக்கமும் இருந்தது. சண்டையில் சிறியவன்தான் முதல் அடி அடிக்க வேண்டும். பெரியவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, எதிராளிக்கு மூன்று அடி விட்டுக்கொடுத்து, அதன் பிறகே தன் கையை எடுப்பார். இதை யூனுக்கு அவர்களே சொல்லியிருந்தார்கள். அவளும் வாய் பிளந்து கேட்டாள். எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்தாள்.

ஒரு சந்தை நாள் காலை. பால் கொதித்துக்கொண்டிருந்தது. யூன் நீளக் கரண்டியால் நுரையை எடுத்துக்கொண்டிருந்தாள். முற்றத்துக்கு வெளியே சந்தைக் கூட்டம். திருடன் வந்தான்.

நேராகக் கழுதையிடம் போனான். நுகத்தை அவிழ்த்தான். கயிற்றைப் பிடித்துத் திரும்பியபோதுதான் பெஞ்சில் இருந்த மூவரையும் பார்த்தான். அவர்களுடைய பேர் மலைக்கு அந்தப் பக்கமும் போயிருந்தது. அவன் கண் வாசலைத் தேடியது. கயிறு கையிலிருந்து நழுவியது.

மூவரும் எழுந்தார்கள். யூனுக்கு உயிர் திரும்பி வந்தது போல இருந்தது.

மூவரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

"மேகக்கால் ஐயா, தாங்கள் தொடங்கினால் எனக்குப் பெருமை" என்றார் லுவோ.

"இரும்புக்கையார் இருக்கும்போது நான் முந்துவதா? முறையாகாது" என்றார் பெங். "நம்மில் இளையவர் ஒன்பது மூச்சார். அவர் தொடங்கட்டுமே."

ஷியாங் புன்னகை செய்தார். வயதில்தான் தாம் இளையவர் என்றும், குரு வழியில் பார்த்தால் அவர்கள் இருவருக்கும் தாம் தாத்தா முறை என்றும் விளக்கினார். அதற்கு மற்ற இருவரும் தங்கள் தங்கள் குருமார்களை ஏழு தலைமுறைக்கு எண்ணத் தொடங்கினார்கள். திருடன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். வாசலைத் தேடுவதை மெல்ல விட்டுவிட்டான்.

கடைசியில் லுவோ முன்னால் வந்தார். "அடேய், உனக்கு மூன்று அடி விட்டுக்கொடுக்கிறேன். அடி."

"நிஜமாகவா, ஐயா?"

"அடி என்கிறேன்."

திருடன் தடியால் அவர் முழங்காலில் ஓர் அடி வைத்தான். "ஒன்று" என்றார் லுவோ. இன்னொன்று வைத்தான். "இரண்டு" என்றார், குரல் கொஞ்சம் கம்மியது. மூன்றாவதை அவர் எண்ணவில்லை. கீழே கிடந்தபடி, இனித் தன்னுடைய முறை என்று மட்டும் சொன்னார். எழுந்திருக்கத்தான் முடியவில்லை.

பெங் என்ன செய்வார், பாவம். லுவோ மூன்று விட்டுக்கொடுத்திருக்கிறார். தான் ஒன்று குறைத்தாலும் சிறியவர் ஆகிவிடுவார். அவரும் மூன்று வாங்கினார். மேகத்தில் நடந்த கால் மண்ணில் மடங்கியது. ஷியாங் மூச்சை இழுத்து அடக்கினார். முதல் அடியிலேயே ஒரு மூச்சு பெரிய சத்தத்தோடு வெளியே வந்தது, அவரும் சரிந்தார். மற்ற எட்டும் எங்கே போயின என்று இன்றுவரை தெரியவில்லை.

எதிராளியே எண்ணிக் கொடுக்கிற சண்டையைத் திருடன் அதுவரை பார்த்ததில்லை.

கூட்டத்தில் சிலர் கை தட்டினார்கள். என்ன பெருந்தன்மை என்று ஊர்த்தலைவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

திருடன் கயிற்றை மறுபடி எடுத்து இழுத்தான். கழுதை நகரவில்லை. அதன் மூக்கில் தடியால் அடித்தான். ரத்தம் வந்தது. கழுதை கத்தவில்லை. யூனைத் திரும்பிப் பார்த்தது.

இத்தனை நேரமும் அந்த மூவரும் ஏதோ தந்திரம் செய்கிறார்கள் என்றுதான் யூன் நம்பிக்கொண்டிருந்தாள். அந்த நம்பிக்கை அங்கே அறுந்தது. நீளக் கரண்டியைக் கொதிக்கும் பாலுக்குள் விட்டாள். நிரப்பினாள். நடந்து போய்த் திருடனின் காலில் ஊற்றினாள்.

அவன் துள்ளிக் குதித்தான். அந்த ஒரே காலைப் பொழுதில் அவனுக்கும் நிறைய மரியாதை தெரிந்துபோயிருந்தது. "அக்கா, வணக்கம் வைக்காமல் அடிப்பது முறையா?" என்றான்.

"பால் ஆறிப்போகும்" என்றாள் யூன்.

இரண்டாவது கரண்டியைக் கயிறு பிடித்த கையில் ஊற்றினாள். கயிறு விழுந்தது. மூன்றாவதை ஓடுகிறவன் முதுகில் வீசினாள். மலைப்பாதையில் அவன் போன வேகத்தைப் பார்த்திருந்தால் மேகக்காலுக்கே பொறாமை வந்திருக்கும். பிறகு அவன் வரவே இல்லை.

இப்போது ஊர்த்தலைவருக்கு ஒரு கவலை. மூன்று மாவீரர்களை அழைத்திருக்கிறோம் என்று மேலிடத்துக்கு எழுதியாகிவிட்டது. பயறு அரைக்கிறவள் விரட்டினாள் என்று வெளியே தெரிந்தால் ஊருக்கு முகம் ஏது?

தரையில் கிடந்த மூவரும் அவர் கவலையைத் தீர்த்துவைத்தார்கள். வாழ்நாளில் முதல்முறையாக மூவரும் ஒரே பேச்சாகப் பேசினார்கள். முதலில் அடித்தவள் அவள். ஆகவே இங்கே இருப்பவர்களில் சிறியவள் அவள். ஆகவே அவள் எங்களில் ஒருவருடைய சிஷ்யை.

சிஷ்யை ஆவதற்கு அங்கே ஒரு சடங்கு உண்டு. முழங்காலிட்டு, குருவுக்கு ஒரு கோப்பைத் தேநீர் கொடுக்க வேண்டும். குரு அதைக் குடித்துவிட்டால், சிஷ்யை செய்ததெல்லாம் குரு செய்ததாகிவிடும்.

தேநீர் வந்தது. ஊர்த்தலைவர் கோப்பையை யூன் கையில் கொடுத்தார். மூவரில் யாருக்கு வேண்டுமானாலும் கொடு, அவருடைய பேருக்குக் கீழே உன் பேரையும் ஊரில் நடப்போகிற வெற்றிக் கல்லில் சின்ன எழுத்தில் வெட்டச் சொல்கிறேன் என்று காதோடு சொன்னார்.

சந்தை முழுவதும் எட்டிப் பார்த்தது.

யூன் கோப்பையோடு நடந்தாள். லுவோ தாடியைச் சரிசெய்துகொண்டார். அவரைத் தாண்டிப் போனாள். பெங் படுத்தபடியே தோளை நிமிர்த்தினார். அவரையும் தாண்டிப் போனாள். ஷியாங் மிச்சமிருந்த மூச்சு ஒன்றை உள்ளே இழுத்தார். அவரையும் தாண்டிப் போனாள்.

முற்றத்தின் மூலையில் கழுதை, மூக்கில் ரத்தம் காய்ந்து நின்றது. யூன் அதன் முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்தாள். தேநீர் சூடாக இருந்தது. ஒருமுறை ஊதினாள், இன்னொருமுறை ஊதினாள், மூன்றாம் முறையும் ஊதினாள். பிறகு கோப்பையை அதன் வாயருகே பிடித்தாள். கழுதை கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று அவள் கையை முகர்ந்தது.

கூட்டத்தின் பின்னால் யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு சந்தையே சிரித்தது. எழுந்து போகக் கால் இல்லாததால், மூன்று மாவீரர்களும் அந்தச் சிரிப்பு ஓயும்வரை அங்கேயே படுத்திருந்தார்கள்.

இதிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியது இது: தன் பெருமையைக் காத்து நிற்கிறவனால் வேறு எதையும் காக்க முடியாது.