தாய்மாமன் இலையில் ஒரு கரண்டி குருமா

அநியாயம் நடந்தது லோகநாதனுக்கு. நான்கு வருடமாகப் போதைத் தூளைத் தொடாதவனை, மறுபடி தொட்டுவிட்டான் என்று சொல்லி ஒரு திங்கட்கிழமை காலையில் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். அவன் தின்றது குருமா. அதுவும் ஒரே ஒரு கரண்டி. யார்மேல் தப்பு என்று உடனே விரலை நீட்டிவிடாதீர்கள். முழுசாகக் கேளுங்கள், பிறகு சண்டைக்கு வாருங்கள்.

லோகநாதன் சிங்கப்பூர்க்காரன். ஹெராயின் பழக்கத்தால் இரண்டு முறை சிறை போனவன். வெளியே வந்த பிறகு வாரம் இருமுறை சிறுநீர்ப் பரிசோதனைக்குப் போயாக வேண்டும். ஒரு தடவை தேறாவிட்டாலும் மறுபடி உள்ளே, இந்த முறை ஐந்து வருடத்துக்குக் குறையாது. இன்னும் மூன்றே மூன்று பரிசோதனைகள், அதன் பிறகு அவன் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு பேருக்கு அவன் வாக்குக் கொடுத்திருந்தான். அக்கா புஷ்பலீலாவிடம், "உன் வீட்டு வாசலுக்கு இனிமே என்னால போலீஸ் வராதுக்கா" என்று சொல்லியிருந்தான். தன்னைக் கண்காணிக்கும் தமிழ் அதிகாரியிடம், "நீங்க கேட்டா பொய் சொல்ல மாட்டேன் சார்" என்று சொல்லியிருந்தான். இரண்டையும் மனதாரத்தான் சொன்னான். இரண்டும் ஒருநாள் நேருக்கு நேர் மோதும் என்று யார் கண்டது?

புஷ்பலீலா கணவனை இழந்தவள். மகள் சாருமதிக்கு மலேசியாவில், ஈப்போவில், மாப்பிள்ளை அமைந்தது. பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் அம்மா சாப்பிட்டு முடித்து, "உங்க ஊர்ல குருமாவை டம்ளர்ல ஊத்திக் குடிக்கணும் போலிருக்கு" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாள். அந்தச் சொல் புஷ்பலீலாவைத் தூங்க விடவில்லை. குருமா கெட்டிப்படக் கசகசா வேண்டும். பாலத்துக்கு அந்தப் பக்கம், மலேசியாவில், அது மளிகைச் சாமான். பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குள் வந்தால் தடைசெய்யப்பட்ட பொருள். அபின் செடியின் விதை என்பதால் சட்டம் அதை உள்ளே விடாது. அதைத் தின்றவனின் சிறுநீரில் போதைப்பொருளின் தடயம் தெரியலாம். இது அக்காவுக்கும் தெரியும், தம்பிக்கும் தெரியும்.

தெரிந்தும் அவள் பாலத்தைத் தாண்டி ஜொகூருக்குப் போய்க் கால் கிலோ வாங்கி, கைப்பைக்குள் துணியில் சுருட்டிக் கொண்டுவந்தாள். நிச்சயதார்த்தத்தன்று தம்பியைத் தனியே கூப்பிட்டு, "உனக்குக் கசகசா போடாம கிண்ணத்துல எடுத்து வச்சிருக்கேன். பெரிய சட்டிப் பக்கம் போயிடாதே" என்றாள்.

அப்பா இல்லாத பெண்ணுக்குத் தாய்மாமன்தானே எல்லாம்? லோகநாதனைச் சம்பந்திகளோடு முதல் பந்தியில் உட்கார வைத்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா உபசாரப் பிரியர். எழுந்துபோய்ப் பெரிய சட்டியிலிருந்து ஒரு கரண்டி அள்ளிவந்து அவன் இலையில் ஊற்றினார்.

"என்ன தம்பி, கோழி கொத்துற மாதிரி சாப்பிடறீங்க? பொண்ணுக்கு மாமன் நீங்க. நீங்க கை வச்சாத்தான் நாங்க கை வைப்போம்."

பந்தி முழுவதும் அவனையே பார்த்தது. அவன் சிறையில் இருந்தவன் என்பது ஈப்போக்காரர்களுக்குத் தெரியாது. வயிறு சரியில்லை என்று சொல்லித் தப்பியிருக்கலாமே என்பீர்கள். சொன்னான். "தேங்காய்ப்பால் தம்பி, வயித்துக்கு நல்லது" என்று அவர் அங்கேயே நின்றார். லோகநாதன் அக்காவைப் பார்த்தான். அக்கா தண்ணீர்க் குவளையைப் பார்த்தாள். அவன் சாப்பிட்டான்.

மறுநாள் காலை, பரிசோதனை முடிவைப் பார்த்ததும் அதிகாரி எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"நேத்து என்ன சாப்பிட்டீங்க லோகநாதன்?"

"வீட்டுச் சாப்பாடு சார்."

"கசகசா போட்டது ஏதாவது? யோசிச்சுச் சொல்லுங்க. இருந்தா நான் வேற மாதிரி எழுதணும்."

உண்மை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆமாம் என்றால் அடுத்த கேள்வி, யார் வீட்டில், யார் கொண்டுவந்தது? அக்கா மாட்டுவாள். கல்யாணம் நிற்கும்.

"இல்லை சார்."

ஒரு போன் பேச விட்டார்கள். "அக்கா, மாட்டிக்கிட்டேன். ஆனா உன் பேரைச் சொல்லல" என்றான். மறுமுனையில் கொஞ்சநேரம் அழுகை. பிறகு அவள் சொன்னாள்: "கல்யாணம் முடியட்டும் தம்பி. அஞ்சு வருஷம்தானே. வந்ததும் உன்னை நான் பாத்துக்கறேன்."

அஞ்சு வருஷம்தானே! அதைக் கேட்டும் லோகநாதன், "சரிக்கா" என்றான்.

அந்தப் பேச்சை வீட்டில் அம்மாவின் பக்கத்தில் நின்று கேட்டவள் சாருமதி. ஒரு மணி நேரத்தில் அவள் அந்த அலுவலகத்துக்கு வந்துவிட்டாள். மிச்சமிருந்த குருமாவை மேசைமேல் வைத்தாள். "கசகசா போட்டது சார். அம்மா ஜொகூர்லேருந்து கொண்டுவந்தாங்க. மாமா சாப்பிட்டது இதுதான்" என்றாள். அதோடு விட்டாளா? வரும் வழியிலேயே மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, மாமாவின் பழைய கதை முழுவதையும் சொல்லி முடித்திருந்தாள். லோகநாதன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

தம்பி அக்காவுக்குத் தந்த வாக்கைக் காப்பாற்ற அதிகாரிக்குத் தந்த வாக்கை உடைத்தான். அக்கா மகளின் வாழ்வுக்காகத் தம்பியைக் கைவிட்டாள். மகளோ மாமாவுக்காகப் பெற்றவளைக் காட்டிக்கொடுத்தாள். இம்மூவரில் யார் செய்தது சரி?

சாருமதி செய்ததுதான் சரி. லோகநாதனைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும், பொறுங்கள். அக்காவும் தம்பியும் யாருடைய கல்யாணத்துக்காக வாயை மூடினார்கள்? கதையைத் திரும்பப் படியுங்கள். அந்தப் பெண்ணிடம் ஒருவராவது ஒரு வார்த்தை கேட்டதுண்டா? யார் பேரைச் சொல்லிப் பலி கொடுக்கிறார்களோ, அந்தப் பலி வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு இல்லாத உரிமை வேறு யாருக்கு உண்டு? குருமாவைச் சோதித்துப் பார்த்து நான்காம் நாள் லோகநாதனை விட்டார்கள். புஷ்பலீலாமேல் வழக்குப் பதிவாயிற்று. ஈப்போவிலிருந்து பதில் வரவில்லை. அலுவலக வாசலில் தம்பியின் முகத்தைப் பார்க்கமுடியாத புஷ்பலீலா மகள்மேல் பாய்ந்தாள்: "பெத்தவளையே மாட்டிவிட்டுட்டியே. யாருக்காகடி இவ்வளவும் செஞ்சேன்?"

சாருமதி சொன்னாள்: "எனக்காகன்னு மட்டும் சொல்லாதீங்கம்மா. மாமாவை உள்ள தள்ளிட்டு உனக்குக் கல்யாணம் பண்ணட்டுமான்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, வேணாம்னு சொல்லியிருப்பேன்."