குழாயில் ஒட்டிய பை

மலையடிவாரத்து மடம் ஒன்றில் பழைய அம்பாசடர் கார் இருந்தது. அதை ஓட்டியவர் வீரணன். ஊர் ஊராக லாரி ஓட்டி அலுத்துப்போய், அறுபது வயதில் சீடராக வந்து சேர்ந்தவர். குரு ஞானாம்பிகை அவரைவிட இருபது வயது இளையவர். ஆனாலும் எல்லோருக்கும் அம்மா, வீரணனுக்கும் அம்மாதான்.

மடத்தில் தியானம் செய்ய நிறையப் பேர் இருந்தார்கள். மலைமேல் குடிசைகளில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வீரணன் ஒருவர்தான்.

அவருக்குத் தன் கார் மேல் ஏகப்பட்ட பெருமை. அதை மறைக்கவும் தெரியாது. பம்பரில் முகம் பார்த்துச் சவரம் செய்யலாம் என்பார். செய்தும் காட்டியிருக்கிறார்.

ஆண்டுக்கு ஒருமுறை மடத்தில் ஊர்வலம் நடக்கும். மறைந்த பெரிய குருவின் படத்தைக் காரில் வைப்பார்கள். அம்மா முன் இருக்கையில் உட்காருவார். ஊரே காருக்குப் பின்னால் நடக்கும். அதாவது, கோயில் வரைக்கும் ஊரே வீரணனின் சைலன்சர் குழாயைப் பார்த்துக்கொண்டு நடக்கும்.

இந்த ஆண்டு வம்பு அந்தக் குழாயில்தான் வந்தது. போன வாரம் சாலையில் பறந்த பிளாஸ்டிக் பை ஒன்று அதில் சிக்கி, சூட்டில் உருகி, கறுப்பாக அப்பிக்கொண்டது.

ஊர்வலத்துக்கு முந்தின நாள் காலையில் வீரணன் காருக்கு அடியில் படுத்தார். கத்தியால் சுரண்டினார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். குழாயில் கீறல் விழுந்ததே தவிர, பை வரவில்லை.

பூஜையைக் கவனிக்கும் குமாரதேவன் அந்தப் பக்கம் வந்தார்.

"என்னண்ணே, காருக்கு அபிஷேகமா?"

"நாளைக்கு ஊர்வலம்ல தம்பி."

"வீடு வாசல் எல்லாத்தையும் விட்டுட்டு வந்தீங்க. இந்தத் தகர டப்பாவை விட முடியலை பாருங்க. இவ்வளவு பெருமை வச்சிருக்கற ஆளு பெரிய குரு படத்தைச் சுமந்துக்கிட்டுப் போகலாமா?"

வீரணனுக்குச் சுருக்கென்றது. கையைக் கூடக் கழுவாமல் போய், சாவியை அம்மாவின் காலடியில் வைத்தார்.

"என்னண்ணே இது?"

"வேற யாரையாச்சும் ஓட்டச் சொல்லுங்கம்மா. எனக்கு வண்டி மேல ரொம்பப் பெருமையா இருக்கு. இந்த வழிக்கு அது ஆகாதுன்னு சொல்றாங்க."

"நெசமாவே பெருமையா இருக்கா?"

"பொய் சொல்ல முடியலைம்மா. இருக்கு. விடணுமா? நீங்களே சொல்லுங்க."

அவருக்கு அழுகை வந்தது. கார் இல்லாவிட்டால் இந்த மடத்தில் தான் எதற்கு என்று அவருக்குத் தெரியவில்லை.

அம்மா குனிந்து சாவியை எடுத்தார்.

"போன வாரம் மேலயிருந்து ஒரு பொண்ணைப் பிரசவத்துக்குக் கூட்டிட்டுப் போனீங்களே, என்னாச்சு?"

"பையன் பொறந்திருக்கான்மா. இன்னைக்கு வீட்டுக்கு அனுப்புறாங்களாம்."

"யாரு போய்க் கூட்டிட்டு வருவா?"

வீரணன் அம்மாவின் கையிலிருந்த சாவியைப் பார்த்தார்.

"எந்திரிங்க, நானும் வர்றேன்" என்று சாவியை அவர் கையில் கொடுத்தார் அம்மா.

ஆஸ்பத்திரியில் தாயும் பிள்ளையும் ஏறிக்கொண்டார்கள். மலைப்பாதை முழுக்க ஏற்றம். பாதி வழியிலேயே கருகல் நாற்றம் வந்தது.

"அந்தப் பைதான்மா" என்று வீரணன் கூசிப்போனார்.

"ஓட்டுங்கண்ணே."

குடிசை வாசலில் கார் நின்றது. பிள்ளையைக் கையில் வாங்கிய தகப்பன், காரின் பானெட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அம்மா அந்த வீட்டில் ஒரு மர அகப்பையும் ஈரச் சாக்கும் கேட்டு வாங்கினார். கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு, காவிச் சேலையோடு காருக்கு அடியில் படுத்தார்.

"அம்மா, நான் பண்றேன்மா."

"நீங்க காலையில பண்ணிட்டீங்க. இப்ப நான்."

அகப்பையின் விளிம்பால் தள்ளினார். பானையில் ஒட்டிய களி மாதிரி, பை வழித்துக்கொண்டு வந்துவிட்டது.

வீரணன் வாயைப் பிளந்தார். "காலையில கத்திக்கே வரலையேம்மா."

"காலையில குழாய் ஆறிக் கிடந்துச்சு."

பை போன இடத்தில் பழுப்பாக ஒரு கறை தெரிந்தது. வீரணன் டிக்கியிலிருந்து பாலிஷ் டப்பாவை எடுத்து வந்தார். அம்மா அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இந்தப் பை ஏன் இதுல ஒட்டுச்சு?"

"குழாய் சூடா இருந்துச்சும்மா."

"ஏன் சூடு?"

"இந்தப் பொண்ணு வலியில துடிச்சுக்கிட்டு இருந்துச்சு. எங்கயும் நிக்காமப் போனேன்."

"நம்ம ஷெட்டுல ஓடாத வேன் ஒண்ணு நிக்குதே. அது குழாயில என்ன ஒட்டியிருக்கு?"

வீரணன் யோசித்தார். "ஒண்ணும் இல்லைம்மா. தூசிதான்."

அம்மா சாக்கை உதறிக் கொடுத்துவிட்டுக் காரில் ஏறிக்கொண்டார். கறை அப்படியே இருந்தது.

மலையிலிருந்து இறங்கும்போது வீரணன் மெதுவாகக் கேட்டார். "அப்ப பெருமையை என்னம்மா பண்றது?"

அம்மா ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் காருக்கு மாலை போட்டார்கள். பெரிய குருவின் படத்தை ஏற்றினார்கள். மேளம் தொடங்கியது. வீரணன் துவைத்த சட்டையில் வந்து, அம்மாவுக்காக முன் கதவைத் திறந்து பிடித்தார். ராத்திரி முழுக்க அவருக்குத் தூக்கம் இல்லை; ஆனாலும் குழாயின் கறையைத் தொடவில்லை.

அம்மா அந்தக் கதவைச் சாத்தினார்.

குமாரதேவன் பதறிக்கொண்டு ஓடி வந்தார். "அம்மா, நீங்க முன்னாடி உக்காருறதுதானே வழக்கம்?"

வீரணனின் முகம் செத்துவிட்டது. "நான் ஓட்ட வேண்டாமாம்மா?"

"நீங்கதான் ஓட்டணும். நான் இந்த வருசம் ஊரோட பின்னாடி நடந்து வர்றேன்."

"ஏம்மா?"

"முன்னாடி உக்காந்தா குழாயில இருக்கற அந்தக் கறை எனக்குத் தெரியாதுண்ணே."