ராசிக்கைக்காரரும் நூல் விட்ட பீசாவும்

ஒரு ஊர்ல ஒரு கை இருந்துச்சாம். கையின்னா ராசியான கை. அதோட ஒரு ஆளும் ஒட்டிக்கிட்டு இருந்தாரு, ஆனா ஊருக்கு அவரைப் பத்தி அக்கறையே இல்ல, கைதான் முக்கியம். ம் கொட்டு கண்ணு. ம் கொட்டாட்டி கதை நின்னுரும்.

ஆங். அந்த ஊரு உழவர் சந்தையில ஞாயித்துக்கெழம விடிஞ்சா, அந்தக் கை வந்து மொத யாவாரம் பண்ணுனாத்தான் கடை ஓடும்னு ஒரு நம்பிக்கை. "அய்யா, நம்ம கடைக்குப் போணி பண்ணிட்டுப் போங்க"ன்னு கத்திரிக்காக்காரரு கூப்புடுவாரு, கீரைக்காரம்மா கூப்புடும். நம்மாளு ரெண்டு கத்திரிக்காய எடுத்துப் பையில போட்டுட்டு, மழையே இவரு சொல்லித்தான் பெய்யுதுங்கற மாதிரி மீசையத் தடவிக்கிட்டு நடப்பாரு. பின்னால அவரு பொண்டாட்டி பாவாயி, ரெண்டு கையிலயும் பை தூக்கிக்கிட்டு லொங்கு லொங்குன்னு ஓடியாருவா. கூட மக வளர்மதி.

என்னது? உங்கம்மாவப் பெத்த அம்மாயி பேரும் உங்கம்மா பேரும் அதுதானா? ஊர்ல ஒரு பேருக்கு ஒம்பது ஆளு இருப்பாங்க. குறுக்க பேசாத.

அப்போ மயிலாத்தான்னு ஒரு தக்காளிக்காரி. தக்காளி வெல விழுந்து, கூடை கூடையா ரோட்டோரம் கொட்டிட்டு அழுதவ. அழுது முடிச்சு, மூக்கச் சிந்திப்போட்டு, கறவை மாட்ட வித்து, சந்தை வாசல்ல ஒரு மண்ணடுப்பு போட்டு பீசா சுட ஆரம்பிச்சுட்டா. காலங்காத்தால பீசாவான்னு கேக்காத. மூணு மணிக்கு எந்திரிச்சு மூட்டை தூக்குனவங்களுக்கு ஏழு மணிங்கறது மத்தியானம். ஆனா சந்தைக்காரங்க, "மூணு ஞாயிறு பாப்போம். ஓடலீன்னா எடத்த பஜ்ஜிக்காரனுக்குக் குடுத்துருவோம்"னு கறாராச் சொல்லிட்டாங்க. அவளுக்கு விக்கறதுக்கு இன்னொரு மாடு இல்ல.

மொத ஞாயிறு. "அய்யா, போணி பண்ணுங்க"ன்னா மயிலாத்தா. சடசடன்னு வெறகு எரியுது, குபுகுபுன்னு சீஸ் கொதிக்குது. ஒரு துண்ட எடுத்தா, சர்ர்ர்ருன்னு நூல் நூலா இழுக்குது. நம்மாளு மூக்கப் பொத்திக்கிட்டாரு.

"அய்யய்யே! நூல் விடுது பாரு! ஊசிப்போச்சு!"

ஏன் கண்ணு, நேத்து வச்ச பருப்பு இன்னைக்கு நூல் விட்டா என்ன அர்த்தம்? ம், கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். அவருக்குத் தெரிஞ்ச நூல் அவ்வளவுதான், பாவம்.

"ஊசலீங்கய்யா, சூட்டுக்கு அப்படி இழுக்கும். ஆறுனா இழுக்காதுங்க"ன்னா மயிலாத்தா. யாரு கேட்டா? ராசிக்கையே மூக்கப் பொத்துன பொறவு சந்தை நிக்குமா? கூட்டம் சொய்யின்னு கலைஞ்சுருச்சு. பாவாயி மட்டும் நகரல.

"சூடாவா?"ன்னு மெதுவாக் கேட்டா.

அவ ஏன் அப்படிக் கேட்டான்னா, அந்த வீட்ல ஒரு பழக்கம். ஆம்பள தின்னு கை கழுவுன பொறவுதான் பொம்பள சோத்து வட்டல்ல கை வைக்கோணும். தோசை சுட்டாலும் அடை சுட்டாலும் சூடெல்லாம் அவருக்கு. அவரு தின்னு, ஏவ்வுன்னு ஏப்பம் விட்டு, நாட்டு நடப்பெல்லாம் பேசி எந்திரிக்கறதுக்குள்ள அவளுது ஜில்லுன்னு ஆறிப்போயிருக்கும். அடுப்புக்கிட்டயே நிக்கறவளுக்கு ஆறுன தோசை! எந்த ஊரு நாயம்?

அப்புறம் ரெண்டாம் ஞாயிறு. "ஏனுங்க, ஒண்ணே ஒண்ணு வாங்குவோமுங்க"ன்னா பாவாயி.

"வாங்கித் தொலை. ஆனா நடுச்சந்தையில நின்னு மேயறதுக்கு நாம என்ன ஆடா மாடா? வீட்டுக்குக் கட்டச் சொல்லு."

போணி ஆயிருச்சுன்னு மயிலாத்தா அடுப்பத் தொட்டுக் கும்பிட்டா. இவரு வீட்டுக்கு வந்து, குளிச்சு, துன்னூறு பூசி, சம்மணம் போட்டு உக்காந்து ஒரு வா வச்சாரு. சவக் சவக். மென்னாரு, மென்னாரு, பொழுது ஏறுற வரைக்கும் மென்னாரு. "டயரு!"ன்னு ஆட்டுக்குத் தூக்கிப் போட்டாரு. ஆடு மோந்து பாத்து அச்சுன்னு தும்முச்சு.

"இப்ப நூல் விடலீங்களே"ன்னா பாவாயி. "அப்போ அந்தப் புள்ள சொன்னது நெசந்தானுங்க?"

"வாய மூடு"ன்னாரு. சாயங்காலத்துக்குள்ள ஊரெல்லாம் ஒரே பேச்சு: ஆடு கூடத் திங்கலியாம்!

மூணாம் ஞாயிறு. பஜ்ஜிக்காரன் வாணலியோட பக்கத்துல வந்தே உக்காந்துட்டான். மயிலாத்தா கடைசி மாவப் பெசஞ்சுக்கிட்டே கண்ணத் தொடைக்கறா. அப்போ பாவாயி என்ன பண்ணுனா தெரியுமா? ரெண்டு பையையும் பொத்து பொத்துன்னு கீழ போட்டா.

"அம்மிணி, ஒண்ணு சுடு. கட்ட வேண்டாம். இங்கயே, சூடா."

"ஏய் பாவாயி! நான் இன்னும் திங்கல!"

"நீங்க பொறவு தின்னுக்கோங்க. ஆறுனதும் நல்லாத்தான் இருக்கும். நாப்பது வருசமா தின்னு பாத்துட்டேன்."

பாவாயி உஃப் உஃப்புன்னு ஊதி ஒரு கடி கடிச்சா. சர்ர்ர்ருன்னு நூல், வாய்க்கும் கைக்கும் தொங்குது. வாந்திதான்னு பஜ்ஜிக்காரன் சொம்புத் தண்ணியோட ஓடியாந்தான். அவ கண்ணுல பொலபொலன்னு தண்ணி.

"பாத்தியா! வயித்தக் கலக்குது!"ன்னு குதிச்சாரு நம்மாளு.

"இல்லீங்க. வாய் சுட்டுருச்சு"ன்னா. "சூடாத் தின்னா வாய் சுடும்னு எனக்குத் தெரியாமயே போச்சுங்க."

சொல்லிட்டு இன்னொரு கடி கடிச்சா. அந்த ராசிக்கை இருக்கே, அதுக்கு அன்னைக்குத்தான் மொத மொதலா எங்க வச்சுக்கறதுன்னு தெரியல. மீசையத் தொட வெக்கமாப் போச்சு.

அப்புறமென்ன, வளர்மதி ஒண்ணு கேட்டா, கீரைக்காரம்மா ஒண்ணு, கத்திரிக்காக்காரரு ரெண்டு. பஜ்ஜிக்காரனும் சொம்ப வச்சுட்டு வரிசையில நின்னான், வெக்கங்கெட்ட பய. நம்மாளுக்குக் கடைசித் துண்டு, நல்லா ஆறுனது. டயருன்னு சொன்னாரா? வெரல நக்கித் தின்னாரு.

அடுத்த வாரம், "அம்மா, நீங்க வந்து போணி பண்ணுங்க"ன்னு பாவாயியத்தான் எல்லாக் கடையிலயும் கூப்புட்டாங்க. பின்னால ஒருத்தரு ரெண்டு பையத் தூக்கிக்கிட்டு லொங்கு லொங்குன்னு ஓடுனாரு.

ம்? அந்தக் கை என்னாச்சா? அதுக்கு சந்தையில வேலை போயிருச்சு. இப்பல்லாம் காலையில மொத தோசையச் சுட்டு, சூடாப் பாவாயி வட்டல்ல வைக்குது. அடிக்கடி தீச்சுத் திட்டும் வாங்குது. பொழுது சாஞ்சா, தூங்காத கழுதை ஒண்ணு இருக்கு, அதும்பட முதுகத் தட்டிக் குடுக்குது.

"அப்புச்சி, அப்போ அது உங்க கையா?"

கதை தீந்துச்சு, அடுப்பு அணைஞ்சுருச்சு. ம் கொட்டுனது போதும், கண்ண மூடு சாமி.